கொள்ளி குழுவும் பிரேமலதாவின் காதும்

பிரேமலதாவிடம் போய், உங்களுக்கு மெட்டல் பாட்டுப் பிடிக்குமா என்று கேட்டால், "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க" என்பார். நம்பிவிடாதீர்கள். திருச்சி ஜில்லாவில் அவரளவுக்கு, இடி மாதிரி டிரம்ஸும் தொண்டை கிழியும் கர்ஜனையுமான டெத் மெட்டல் கேட்டவர் இன்னொருவர் கிடையாது. இருபத்தாறு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டவர் அவர்.

காட்டூரில் அவர் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை உண்டு. சத்தத்தை அடக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் முட்டை அட்டையும் ஒட்டியிருக்கும். 'கொள்ளி' குழுவின் ஒத்திகை அங்கேதான். சுவருக்கு இந்தப் பக்கம் பிரேமலதாவின் தையல் மெஷின். கிட்டார் வாசிப்பதும் மெட்டுப் போடுவதும் அவர் கணவர் நல்லதம்பி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். டிரம்ஸ் பாலு, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் டூ வீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பேஸ் கிட்டாரைத் தட்டிக்கொண்டே கர்ஜிப்பவர் அடைக்கலராஜ், பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். வகுப்பில் அவர் குரல் மூன்றாவது பெஞ்சுக்கு எட்டாது. மைக்கைப் பிடித்தாரோ, தெருநாய் ஊரைவிட்டே ஓடும்.

குழுவுக்குக் கொள்ளி என்று பேர் வைத்தபோது பிரேமலதாவே திட்டினார். விளக்கு வைக்கிற நேரத்தில் வாயில் வரக்கூடிய பேரா அது? ஆனால் போகப்போக பெங்களூரு, கொல்கத்தா, ஷில்லாங் என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் கறுப்புச் சட்டையில் அந்தப் பேரைப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். ஒருத்தன் முதுகிலேயே பச்சை குத்திக்கொண்டு காட்டூருக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் காட்டினான். அன்றைக்குப் பிரேமலதாவுக்கு வந்த பெருமை இருக்கிறதே, மகள் சுபஸ்ரீ பள்ளியில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அவ்வளவு வரவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளாமல், "வலிச்சிருக்குமே தம்பி" என்று மட்டும் கேட்டுக் காபி கொடுத்தார்.

அந்தக் காலத்து ஒத்திகை என்றால் பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் சண்டை. கல்யாண பேண்டு மாதிரி இருக்கிறது என்று பாலு குச்சியை விட்டெறிவார். பெரிய டிரம்மை ரெண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்கவேண்டிய வாசிப்பு அது; உனக்கு இருப்பது ரெண்டு காலா ஒரு காலா என்று நல்லதம்பி எகிறுவார். ஒரு தடவை நாலு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு அடைக்கலராஜ்தான் திருதிருவென்று முழித்தார். பிரேமலதா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் சண்டை போட்டு முடித்த அடுத்த வாரம் வருகிற பாட்டு, முந்தின பாட்டைவிட ஒரு படி மேலே நிற்கும் என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் சுபஸ்ரீக்கும் பாலுவின் மகன் சித்தார்த்துக்கும் கல்யாணம் நடந்தது. ஒத்திகை அறை வாசலில் ஒன்றாக விளையாடி வளர்ந்த பிள்ளைகள். அவர்களே முடிவு பண்ணிக்கொண்டு வந்து சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் வாயெல்லாம் பல். கல்யாணம் முடிந்த மறு ஞாயிறு பாலு ஒத்திகைக்கு வந்தார். நல்லதம்பி கேட்டுக்கே ஓடிப்போய், "வாங்க சம்பந்தி, வாங்க" என்றார். அதுவரைக்கும் வாடா போடா என்று இருந்த மனுஷர்! பாலு மட்டும் சளைத்தவரா? "இருக்கட்டுங்க, முதல்ல நீங்க உட்காருங்க" என்றார். பிரேமலதா அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சிரிக்கிற விஷயமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் டிரம்ஸ் சத்தம் இருந்தது, சண்டைச் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. நல்லதம்பி எதை வாசித்தாலும் பாலு நல்லா இருக்குங்க என்றார். பாலு எதை அடித்தாலும் நல்லதம்பி பிரமாதம் சம்பந்தி என்றார். ஆறு மணிக்கெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுக் கலைந்தார்கள்.

அப்படிக் கும்பிடு போட்டே தயாரித்த ஆல்பம் போன வருஷம் வெளியானது. பழைய கொள்ளியில் தீ இருந்தது, இதில் புகைகூட இல்லை, கால் நூற்றாண்டு போதும், கௌரவமாக ஓய்வெடுக்கலாம் என்று ஒருவர் இணையத்தில் எழுதினார். நல்லதம்பி அதைப் போனில் படித்துவிட்டுத் தட்டிலிருந்த தோசையைத் தள்ளிவைத்தார். பிறகு பெங்களூரில் ஒரு டிசம்பர் விழாவுக்குக் கூப்பிட்டார்கள், புதுப் பாட்டு ஒன்றோடு வரச்சொல்லி.

"இதுவும் சரியா வரலைன்னா கலைச்சுடலாம் பிரேமா. இருக்கிற பேரைக் கெடுத்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார் நல்லதம்பி. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் குரல் அப்படி இறங்கிப் பிரேமலதா கேட்டதில்லை.

ஆடி மாதத்தில் புதுப் பாட்டு வந்தது. மூவருக்கும் தலைகால் புரியவில்லை. இதற்கு மிஞ்சி நாம் எதையும் போட்டதில்லை என்று அடைக்கலராஜ் கண்கலங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் பிரேமலதா ஒரு பட்டு பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தார். மெஷினை மிதிக்கிற கால், பாட்டு திரும்புகிற இடத்துக்கு ஒரு நொடி முன்பே தானாக வேகம் மாறியது. ஏதோ தற்செயல் என்று விட்டார். அடுத்த திருப்பத்திலும் அப்படியே. எங்கே நிற்கும், எங்கே பாயும் என்று காலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புத்தம்புதுப் பாட்டு காலுக்கு எப்படித் தெரியும்? மிதிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். சுபஸ்ரீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது யூனிஃபார்ம் தைத்த மாதம் முழுக்கக் கேட்ட பாட்டு அது. இரண்டாவது சி.டி.யில் நாலாவது. கொஞ்சம் வேகத்தைக் கூட்டி, வேறு வார்த்தை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

சொல்வதா வேண்டாமா என்று பிரேமலதா தவித்தார். சொன்னால் நல்லதம்பி உடைந்துபோவார். சொல்லாவிட்டால் பெங்களூரில் ஆயிரம் பேர் முன்னால் எவனாவது ஒருவன் பழைய வார்த்தைகளை எடுத்துப் பாடி மானத்தை வாங்கிவிடுவான். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்.

துணி தைக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று நல்லதம்பி எகிறினார். பிரேமலதா பழைய பாட்டைத் தேடிப் போனில் ஓடவிட்டுக் கணவர் முன்னால் வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "முடிஞ்சுபோச்சு பிரேமா" என்று சொல்லிவிட்டு நல்லதம்பி ஷிஃப்டுக்குக் கிளம்பினார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை.

பிரேமலதாவுக்கு ஒன்று உறுத்தியது. நாற்பது ஐம்பது பாட்டுப் போட்டவர், இவருக்கு மறந்திருக்கலாம். பாலுவுக்குமா? அதே அடியை அதே கையால் அடித்தவராயிற்றே. மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது திரும்பிவிடலாமா என்றும் நினைத்தார். சுபஸ்ரீ ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் வாயைத் திறந்து, அது வேறு மாதிரி ஆகி மகள் தலையில் விடிந்தால் என்ன செய்வது?

பாலு கடையில் தனியாக இருந்தார். பிரேமலதா சுற்றி வளைக்காமல் கேட்டார். பாலு தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல் வாரமே தெரியும் சம்பந்தியம்மா. எப்படிங்க சொல்றது? பொண்ணைக் கொடுத்திருக்கிற மனுஷன்கிட்ட, உங்க சரக்கு தீர்ந்துபோச்சுன்னு நான் சொன்னா, மாப்பிள்ளை வீட்டுத் திமிருன்னு ஆகாதா?" தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டே, "அவரும்தான் சொல்லலை. ரெண்டு வருஷம் முன்னாடி நான் வண்டியிலேர்ந்து விழுந்ததுலேர்ந்து இடது கால் பின்தங்குது. எனக்கே கேட்குது. அவரு பிரமாதம்கிறாரு" என்றார்.

பிரேமலதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு பெரிய மனுஷர்கள் மாற்றி மாற்றி மரியாதை பண்ணியே குழுவைக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். கடைக்கு மேலேயே இருந்த வீட்டிலிருந்து காபியோடு இறங்கிய சுபஸ்ரீ படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். மகள் கேட்கிறாள் என்று தெரிந்தும் பிரேமலதா நிறுத்தவில்லை.

"பாலு அண்ணே, என் பொண்ணை நீங்க ராணியாட்டம் வெச்சிருக்கீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா மரியாதையெல்லாம் பந்தியில வெச்சுக்குங்க. அந்த ரூமுக்குள்ள எனக்கு சம்பந்தி வேண்டாம். குச்சியை விட்டெறியிற பாலு அண்ணன்தான் வேணும்."

"அவரு ஏதாவது நெனச்சுக்கிட்டா?"

"நெனச்சுக்கட்டும்."

சாயந்திரம் வீட்டுக்கு வந்து கணவரிடமும் அதையே சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவைப் போய் எப்படிக் குறை சொல்வது என்று நல்லதம்பி தயங்கினார். தன் இடது கால் பின்தங்குவதை நீங்கள் சொல்லவில்லையே என்று அவரே குறைப்படுகிறார், மறைக்க நீங்கள் யார் என்று பிரேமலதா ஒரு போடு போட்டார்.

ஞாயிறு வந்தது. பாலு சுபஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நல்லதம்பி பழக்கதோஷத்தில் வாங்க சம்பந்தி என்றார், பாலு வணக்கம் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். பத்து நிமிஷம் அதே பாட்டு. பிரேமலதா மெஷினில் துணியை வைத்துக்கொண்டு ஒரு தையல்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். இவ்வளவுதானா, பயந்தாங்கொள்ளிகள் என்று மனதுக்குள் வைதுகொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு குச்சி பறந்து வந்து கதவில் மோதிய சத்தம் கேட்டது.

"டேய் நல்லதம்பி, நிறுத்துடா. இது பழைய சோறுடா."

 பிரேமலதா துணியை மடியில் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார். பிறகு நல்லதம்பியின் குரல் வந்தது.

"உன் இடது காலை ஸ்ரீரங்கத்துலயே வெச்சுட்டு வந்தியாடா?"

அப்புறம் கேட்கவேண்டுமா? மூன்று வருஷம் விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அடைக்கலராஜும் சும்மா விடவில்லை; தான் எழுதுகிற வரியை ஒருத்தனாவது படித்ததுண்டா என்று கர்ஜித்தார். சுபஸ்ரீ பதறிப்போய், அப்பாவும் மாமாவும் அடித்துக்கொள்கிறார்களே என்று எழுந்தாள்.

"வேலை பார்க்கிறாங்கடி. நீ உட்காரு" என்றார் பிரேமலதா. கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கத் தோன்றவில்லை.

சண்டை ஒரு மணி நேரம் போனது. பாலுவின் கால் இனி அந்த வேகத்துக்கு வராது என்பதை மூவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள். முதலில் சொன்னவர் பாலுவேதான். கொஞ்ச நேரம் கழித்து நல்லதம்பி சொன்னது சுவர் தாண்டித் தெளிவாகக் கேட்டது: "கால் எங்க நொண்டுதோ அங்கயே விடுடா. நான் அங்க வந்து விழறேன்."

பாலு அடித்தார். கால் நொண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் கிட்டார் இறங்கியது, மெதுவாக, வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும் கனத்தோடு. கொள்ளி இதுவரை மெதுவாக வாசித்ததே கிடையாது. அடைக்கலராஜ் கர்ஜிக்காமல் அடிவயிற்றிலிருந்து உறுமினார். நாற்பது விநாடிதான் வந்தது. திரும்பத் திரும்ப அதையே வாசித்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூவரும் வேர்வை சொட்ட வெளியே வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவரும் பிரேமலதாவிடம் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு நல்லதம்பி மெஷின் பக்கத்தில் வந்து நின்று, பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி, "எப்படி இருக்கு பிரேமா?" என்று கேட்டார்.

பிரேமலதா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லவில்லை.

"இதை நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்லைங்க" என்றார்.