மலையை இடப்பக்கம் வைத்து நடந்தவர்

செய்தி எனக்கு வந்த விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும். நம் கிரிவலக் குழுவின் தலைவி சரசு, போனில் பேசி அனுப்பியிருந்தாள். "வர்ற பௌர்ணமிக்கு எல்லாரும் மஞ்சப் புடவைதான் கட்டணும். பிளவுஸ் எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல. அப்புறம், நம்ம மரகதம் நேத்து தூக்கத்துலயே போயிட்டாங்களாம்." ஒரு மனுஷி போன சேதி பிளவுஸ் கலருக்கு அப்புறம் வருகிறது. அண்ணாமலையாரே, இது அடுக்குமா?

மரகதம் அக்காவை உங்களுக்குத் தெரியும். வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் பியூனாக இருந்தவர். வெளியூரிலிருந்து எந்த அதிகாரி வீட்டம்மா வந்தாலும் ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை அவர் தலையில்தான் விழும். காட்டிக் காட்டியே எந்தக் கோபுரத்தில் எந்தச் சிலை, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை சூடாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மூன்று வருஷத்துக்கு முன் என் சம்பந்தி அம்மா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். மகளைக் கொடுத்த இடம். என் பக்தியை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பௌர்ணமி வரை இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மரகதம் அக்கா குறுக்கே வந்தார்.

"பௌர்ணமிக்குப் போனா முன்னால போறவ முதுகுதான்டி தரிசனம். சும்மா நாள்ல போனாதான் மலையப் பாக்கலாம்."

மறுநாள் விடியற்காலையில் மூன்று பேரும் வெறுங்காலோடு கிளம்பினோம். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். சம்பந்தி அம்மாவையும் அப்படியே வரச் சொல்லியிருந்தேன். மரகதம் அக்காவோ அக்னி லிங்கம் தாண்டியதும் கேழ்வரகுக் கூழை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டார், கூடவே மோர் மிளகாய். கொஞ்சம் தள்ளி, அவித்த மல்லாட்டை. வேர்க்கடலை என்று பெங்களூர் அம்மா சொன்னதும், "எங்க ஊருக்கு வந்தா அது மல்லாட்டைதாங்க" என்று சிரிக்க வைத்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கருந்து பாருங்க, மலை படுத்த மாடு மாதிரி இல்ல?" என்றார். எனக்கு ஆத்திரம். சாமி சுற்ற வந்தோமா, சாப்பிட வந்தோமா?

நிருதி லிங்கம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. சம்பந்தி அம்மாவின் உள்ளங்காலில் கொப்புளம் வெடித்து, அவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தன் துண்டைக் கிழித்துக் கட்டினார்.

"வாங்கம்மா, செங்கம் ரோடு முக்கு வரைக்கும் திரும்பி நடந்தா ஆட்டோ கெடைக்கும்."

"அய்யய்யோ, மலைய எடது பக்கம் வச்சு நடக்கறதாக்கா? பாவம் இல்லியா?" என்றேன்.

"பாவம் எனக்கு வரட்டும்டி. அவங்க கால் ஆறட்டும். நீ போ, உன் சாமி காத்துனு இருக்காரு."

போனேன். தனியாக முழுச் சுற்றையும் முடித்தேன். மலை மாடு மாதிரி இருந்ததா, மனுஷன் மாதிரி இருந்ததா, ஒன்றும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் சூடாகக் காராச்சேவு தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் சம்பந்தி அம்மா எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி, "மரகதம் அம்மா சௌக்கியமா?" என்னைப் பற்றி இல்லை.

அந்தப் பொறாமையில்தான் உங்களிடமெல்லாம் சொன்னேன். "பாதியில திரும்பினவங்க. பலனே இல்ல. இதுவரைக்கும் ஒரு சுத்துகூட நடந்து முடிச்சதில்லையாம்." அக்கா காதுக்கும் போயிற்று. சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். "உண்மைதானடி," என்றார். "முன்பாதி எனக்கு மனப்பாடம். பின்பாதி ஆபீஸ் ஜீப்புல பாத்ததுதான். அதுக்கு இன்னா, மலைக்கு முன்னால பின்னால இருக்கா?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடக்கத் தொடங்குமுன் நம் குழுவில் காலமானவர்கள் பெயரைக் கூப்பிட்டு, எல்லோரும் அரோகரா சொல்வோம் அல்லவா? இந்தப் பௌர்ணமிக்கு மரகதம் அக்கா பெயரைச் சேர்க்கச் சொல்லிச் சரசு வீட்டுக்குப் போனேன்.

"ஒரு சுத்துகூட முடிக்காதவங்க பேர எப்படிக் கூப்பிடறது, கமலா? மத்தவங்க இன்னா நெனைப்பாங்க?"

"யாரு சொன்னா முடிக்கலன்னு?"

"நீதான் சொன்னே."

நான் ஊரெல்லாம் ஊதியதையே எடுத்து என் மூஞ்சியில் அடித்தாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஏன் அவர் முடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள். கூட வந்தவர்களில் யாராவது ஒருத்தி உட்காருவாள், அவளோடு இவர் திரும்புவார். மூச்சிரைத்து நின்ற பூக்கார அம்மா, அது நீங்கள். சர்க்கரை இறங்கிக் கண் இருண்ட டீச்சர், அது நீங்கள். மழையில் வழுக்கி விழுந்து, மரகதம் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பியது யார்? பெயரைச் சொல்ல மாட்டேன். தலைவிக்கே தெரியும். அன்றைக்குத் திரும்பி நடந்தது பாவமாகத் தெரியவில்லை, இன்றைக்குப் பெயர் சொன்னால் மட்டும் தீட்டா? நாம் பலன் தேடி முன்னால் போய்விட்டோம். உட்கார்ந்தவளைத் திரும்பிப் பார்த்தவர் அவர் ஒருத்திதான்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான், திரும்பி நடப்பது. தேவைப்பட்டால் அதை இந்தப் பௌர்ணமியில் நீங்கள் பார்ப்பீர்கள்.

பெயரைக் கூப்பிட்டால் நல்லது, உங்களோடு அரோகரா சொல்லி முழுச் சுற்றும் வருவேன். கூப்பிடாவிட்டால், உங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து நிருதி லிங்கம் வரை போவேன். அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு நாளும் செய்யாத காரியம், ஆனாலும் செய்வேன். மலை என் இடப்பக்கம் இருக்கும், மடியில் அவித்த மல்லாட்டை இருக்கும். நீங்கள் எல்லோரும் மஞ்சள் புடவையில் எதிரே வருவீர்கள். அன்றைக்கு எனக்கு யார் முதுகும் தெரியாது, முகம்தான் தெரியும். ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் மரகதம் என்று சொல்லிக்கொண்டே வருவேன். அரோகரா சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.