நானா விட்டுப்போன கார்

நானாவின் இடக்கை ஸ்ரியரிங்கின் கழுத்தோரம் போய், அங்கே எதுவும் இல்லாமல், காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் கை மறக்கவில்லை. அந்தப் பழைய ஏ-40 காரில் கியர்க் கம்பு அங்கேதான் இருந்தது. அதைக் கழற்றவைத்து, தரையில் புதுக் கம்பு போடவைத்தவன் நான். "கீழை நானா, கீழை" என்றேன், ஏதோ பெரிய பரிசைக் காட்டுகிறவன்போல.

யாழ்ப்பாண நகரத்தின் ஓரம், எங்கள் ஒழுங்கை முடிந்து முஸ்லிம் வீடுகள் தொடங்கும் இடத்தில் நானாவின் வீடு இருந்தது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தக் காரை அவர் வாடகைக்கு ஓட்டினார். அப்பாவுக்கு இழுப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு நானாதான். குழிகளில் காரின் மூக்கு தாழ்ந்து தாழ்ந்து நிமிரும். "பாத்தியளோ மாஸ்டர், றோட்டுக்குச் சலாம் வைக்குது" என்பார். மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் அப்பாவும் சிரித்துவிடுவார்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அந்தக் காரின் பின்பக்கத்து ஸ்பிறிங் தட்டு முறிந்துவிட்டது. எங்கள் வளவு அகலம் என்பதால் வேப்பமரத்தடியில் கல் அடுக்கி, காரைத் தூக்கி வைத்திருந்தார். அப்போதுதான் முஸ்லிம் சனங்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறிவிட வேண்டும் என்று இயக்கத்தின் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. ஓடுகிற வாகனங்கள் பறிபோயின. ஓடாத கார் தப்பியது. நானா தோளில் மகளைப் போட்டுக்கொண்டு படலையடிக்கு வந்தார். "மாஸ்டர், கார் நிக்கட்டும்." "நிக்கும்" என்றார் அப்பா. வேறு கதை இல்லை. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது; படலைவரை நடக்கத் தெரியாத வயதல்ல. நடக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மாரிக்கும் அப்பா அந்தக் காருக்குப் படங்கு போர்த்தினார். விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "ஆள் வரட்டும்." சண்டை நெருங்க, நாங்களும் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுத் தென்மராட்சிக்கு ஓடினோம், திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, காருக்கு மேலே கொடி படர்ந்திருந்தது. கூரையைப் போடுவதற்கு முன்னமே அப்பா கொடியை அறுத்தார். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார், அக்காமார் கனடாவுக்குப் போனார்கள், அம்மா அவர்களோடு போனாள். அந்தப் பெரிய வீட்டில் என் செருப்புச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை.

போன வருடம் நானாவின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. புத்தளத்தில் இருந்தார். குரல் தேய்ந்திருந்தது, பகிடி தேயவில்லை. "கார் இன்னும் நிக்குதோ தம்பி?"

"நிக்குது நானா. நீங்கள் வாங்கோவன். வந்து இஞ்சையே இருங்கோ."

"இடுப்புப் போச்சுது. உது குலுக்கிற குலுக்கிலை என்ரை எலும்பைப் பொறுக்கித்தான் எடுக்கவேணும்."

அந்தப் பகிடியை நான் ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டேன். உடுவில் பக்கத்துக் கராச் ஒன்றுக்குக் காரை இழுத்துக்கொண்டு போனேன். "உந்தக் கிழவிக்குச் சாமான் தேடி முடிய எனக்கும் நரைச்சிடும் அண்ணை" என்றார் கராச்சுக்காரர். "வெளிக்கோது நிக்கட்டும். உள்ளுக்கு எல்லாத்தையும் மாத்துவம்." அப்படியே மாற்றினோம். ஜப்பான் வான் ஒன்றின் எஞ்சின், அதன் ஐந்து கியர்ப் பெட்டி, அதன் பின் அச்சு. தட்டு ஸ்பிறிங்குகள் இருந்த இடத்தில் சுருள் ஸ்பிறிங்குகள். முன்னால் புது சொக் அப்சோபர்கள். அவை பொருந்துவதற்காக அடிச்சட்டத்தை வெட்டியபோது சிதறிய பொறிகளை, வாணவேடிக்கை பார்க்கிறவன்போல் பார்த்துக்கொண்டு நின்றேன். "கழட்டினதுகளை என்ன செய்யிறது?" என்று கேட்டார். "பழைய இரும்புக்குப் போடுங்கோ" என்றேன். யோசிக்கவே இல்லை. நான் யோசித்ததெல்லாம், குலுங்காத காரைக் கண்டால் நானா வருவார், பாழாய்க் கிடக்கும் தன் வீட்டுக்குக் கூரை போடுவார், ஒழுங்கையின் அந்த முனையில் பின்னேரங்களில் ஒரு விளக்கு எரியும் என்பதுதான். எனக்கு அந்த விளக்கு வேண்டியிருந்தது.

நானா வந்தார். கையால் கொஞ்சம் தேடினார், பிறகு புதுக் கம்பைப் பிடித்துக்கொண்டார். றெயில் கடவைவரை போய்த் திரும்பினோம். "தண்ணியிலை போறமாதிரிப் போகுது தம்பி" என்றார். எனக்கு உள்ளம் பூரித்துப்போனது. வளவில் காரை நிறுத்திவிட்டு இறங்கியவர், இடுப்பைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து பின்சில்லுக்குக் கீழே பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"முறிஞ்ச தட்டு எங்கை?"

"இரும்புக்குப் போட்டிட்டன் நானா. குலுக்குமெண்டு நீங்கள்தானே..."

"அது சும்மா சொன்னது." நிமிர அவருக்கு நேரம் எடுத்தது. "அண்டைக்குப் பின்னேரம் அந்தத் தட்டைத்தான் மாத்த இருந்தனான். நட்டுக் கழட்டுற சாவியெல்லாம் எடுத்து வைச்சிட்டன். சனியன் பிடிச்ச ஒலிபெருக்கி." கையைத் துடைத்தார், கையில் ஒன்றும் இல்லை. "நான் விட்டிட்டுப் போனது ஓடாத கார் தம்பி. அதைப் பாக்கத்தான் வந்தனான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தேத்தண்ணி குடித்தார், அப்பாவைப் பற்றிக் கதைத்தார், காரை என்னையே வைத்திருக்கச் சொன்னார். வீட்டைப் பார்த்துவிட்டு வருவோமா என்றேன். "எதுக்கு?" என்றார். அன்றைக்கே பஸ் எடுக்கவேண்டும் என்றார்.

பஸ் நிலையத்துக்கு நான் ஏற்றிப்போனேன். முன்னால் ஏறுவார் என்று நினைத்து முன்கதவைத் திறந்துவைத்தேன். நானா பின்கதவைத் திறந்து, வாடகைக்கு ஏறுகிற சனங்கள் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டார். தன் காரின் பின்சீற்றில் அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்ணாடியில் பார்த்தேன்; வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர்போல.

இறங்கும்போது "வாறன் தம்பி" என்றார். பிறகு அடுத்தவரின் வாகனக் கதவை மூடுகிற பக்குவத்தில், சத்தம் வராமல் மூடினார். அது சரியாகப் பூட்டுப்படவில்லை. இறங்கிப் போய் அடித்து மூட எனக்கு மனம் வரவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தக் கதவு பின்னால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தது. மற்றப்படி காரில் ஒரு சத்தமும் இல்லை.