அண்ணன் முகம் தெளிந்த படம்

மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் என் அண்ணன் சாமி தூக்குவார். பல்லக்கின் முன் தண்டில் இடது பக்கம், வருஷா வருஷம் அதே இடம். மாட வீதி திரும்பும்போது நாகஸ்வரத்துக்கு ஏற்றபடி சாமியை ஆட்டி ஆட்டித்தான் கொண்டுவருவார்கள். அதனால் நான் எடுத்த எல்லாப் படத்திலும் அண்ணன் முகம் ஈரக் கையால் தேய்த்த மாதிரி கலங்கியிருக்கும். தை மாதம் டாக்டர் அவர் தோள்பட்டையைப் பார்த்துவிட்டு, இனி தூக்கக் கூடாது என்றார். இந்த ஒரு வருஷம் மட்டும் என்று அண்ணியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார் அண்ணன். அவர் முகம் தெளிவாக ஒரு படம் எடுக்க எனக்கும் மிச்சம் இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

ராயப்பேட்டையில் பழைய கேமரா விற்கும் கடைக்குப் போய், பெரிய மனுஷன் மாதிரி, ஸ்டெபிலைசர் உள்ள நீள ஜூம் லென்ஸ் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"சார், அது உங்க கை ஆடினா பாத்துக்கும். உங்க அண்ணன் ஆடினா அது இன்னா பண்ணும்?"

இத்தனை வருஷம் பாவம், என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் தந்தது கைக்குள் அடங்கும் ஐம்பது எம்.எம். லென்ஸ். "வெளிச்சத்த நல்லா உள்ள வாங்கும். ஷட்டர செகண்டுல ஐந்நூத்துல ஒரு பங்கு வெச்சுக்கோங்க, ஆடுறது அப்டியே நின்னுடும். ஜூம் கெடையாது, கிட்ட போய்த்தான் எடுக்கணும்." மங்கின வெளிச்சத்துக்காக என் பழைய கேமராவில் ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் படம் ரவை ரவையாகிவிடும் என்று, அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு வேறொரு செகண்ட் ஹேண்ட் கேமராவும் கொடுத்தார். மந்தைவெளியில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை எடுத்துப் பழகினேன். இரண்டு பேர் முறைத்தார்கள்.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரம், கூட்டத்தில் இடிபட்டு, வசவு வாங்கி, தண்டுக்கு இரண்டடி பக்கத்தில் போய் நின்று எடுத்தேன். படம் பளிச்சென்று விழுந்தது.

சாமியை இறக்கி வைத்து எல்லோரும் மோர் குடிக்கும்போது அண்ணனிடம் காட்டினேன். படத்தில் பற்களைக் கடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணோரத்தில் வழிந்திருந்தது வியர்வை இல்லை.

அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், இதை உங்க அண்ணிகிட்ட காட்டிடாதடா. வலியே இல்லன்னு சொல்லித்தான் இத்தனை வருஷமா வந்துட்டிருக்கேன்."

அவர்கள் வீட்டு ஹாலில் இப்போதும் அதற்கு முந்தின வருஷத்துக் கலங்கல் படம்தான் மாட்டியிருக்கிறது. அதில் அண்ணன் சிரிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார் அண்ணி. நானும் ஆமாம் என்கிறேன்.