சிறி மாஸ்ரரின் வலது கால்

ஸ்காபரோவில் இருந்து அஜக்ஸ் வரைக்கும், சிறி மாஸ்ரரிடம் ஒருவராவது கார் பழகாத தமிழ்க் குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். முழுப் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பச்சை விளக்கு சிவப்பாகி விடுகிறது என்று பழக வந்த பிள்ளைகள்தான் அதை வெட்டிச் சிறி ஆக்கினார்கள். வயது ஐம்பத்தெட்டு. எண்பத்தொன்பதில் கனடாவில் வந்து இறங்கி, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறைக்குள் ஆறு பேராகப் படுத்தெழும்பி, கோப்பை கழுவி, டாக்சி ஓடி, கடைசியில் கார் பழக்கும் வேலையில் வந்து நின்றவர். இருபத்துமூன்று வருடமாக அதே வேலைதான்.

அந்த வேலையைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும். பழக்குகிற காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாஸ்ரர் வாயால் "கண்ணாடியைப் பார், சிக்னலைப் போடு, தோளுக்கு மேலால பார்" என்று தேவாரம் மாதிரி ஓதிக்கொண்டிருப்பார். வலது கால் தன்பாட்டில் அந்தப் பிரேக்குக்கு மேலே காவல் நிற்கும். பழகுகிறவர் பயப்படுவதற்கு முதலே கால் பயந்துவிடும். வீட்டில் சோபாவில் இருந்து செய்தி பார்க்கும்போது திரையில் ஒரு லொறி வேகமாக வந்தாலும், மனுசனின் கால் கம்பளத்தை ஓர் அழுத்து அழுத்தும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் வந்ததல்ல, ஆனாலும் சுடுகாடு வரைக்கும் போகிற வகைதான்.

இப்படிப்பட்டவர் ஐந்து வருடத்துக்கு முன்னர் ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்து கராஜுக்குள் விட்டார். எழுபத்துமூன்றாம் ஆண்டு டொட்ஜ் டார்ட். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், பாவற்காய்ப் பச்சை. அவருடைய மனைவி யோகராணி கதவடியில் நின்று அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உந்தப் பாவற்காயை என்ன செய்யப் போறியள்? கறி வைக்கவோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பாவற்காய்.

கறி வைக்க இல்லை, ஓட்டப்போட்டிக்கு. ரொறன்ரோவில் இருந்து இரண்டு மணித்தியாலம் போனால், சோளக் காணிகளுக்கு நடுவில் கால் மைல் நீளத்தில் நேரான ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எவரும் தன் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓடிப் பார்க்கலாம். விளக்குக் கம்பத்தில் பச்சை எரிந்ததும் மிதிக்கவேண்டும், கடைசிக் கோடு வரைக்கும் விடக்கூடாது, அவ்வளவுதான். எத்தனை செக்கன் எடுத்தது என்று ஒரு துண்டில் அடித்துத் தருவார்கள். பகல் முழுவதும் பிள்ளைகளை நாற்பதுக்கு மேல் போகவிடாத மனுசன், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். ஊருக்குத்தானே உபதேசம்!

முதல் நாள் பாவற்காய் எடுத்த நேரம் 17.38 செக்கன். பக்கத்தில் ஓடிய சாமான் வான் ஒன்று அதை முந்திக்கொண்டு போனது. மாஸ்ரருக்கு அன்றிரவு புட்டு இறங்கவில்லை.

அங்கே தொடங்கியது வருத்தம். பிக்கறிங்கில் சின்னக் கராஜ் வைத்திருக்கும் ஜனார்த்தன் என்ற மெக்கானிக் அவரோடு கூட்டுச் சேர்ந்தான். "அண்ணை, அவசரப்படாதேங்கோ. ஒவ்வொண்டா மாத்துவம். ஒரேயடியா எல்லாத்தையும் மாத்தினா எது வேலை செய்தது எண்டு தெரியாமல் போயிரும்" என்றான். நல்ல புத்தி. முதல் கோடையில் பிளக்கையும் இக்னிஷனையும் மாற்றி நேரத்தைச் சரிபார்த்தார்கள். பதினாறரைக்கு வந்தது. இரண்டாம் கோடையில் பின்னுக்கு மென்மையான றப்பர் ரயர் இரண்டு, சைலென்சருக்கு இரட்டைக் குழாய், பெரிய காபரேற்றர். பதினைந்தரை. மூன்றாம் கோடையில் பின் அச்சின் கியரை மாற்றினார்கள். கார் புறப்படும்போது முகம் மேலே எழும்பத் தொடங்கியது, நேரம் 14.7 ஆனது. அதற்குப் பிறகு எஞ்சினைக் கழற்றி உள்ளே இருக்கிற உருப்படிகளிலும் கைவைத்தார்கள். 14.2.

பிறகு பாரம் குறைக்கும் படலம். நூறு இறாத்தல் குறைந்தால் பத்தில் ஒரு செக்கன் மிச்சம் என்று ஒரு கணக்கு உண்டு. பின் இருக்கை போனது, ஸ்பெயார் சில்லுப் போனது, றேடியோ போனது. டிக்கியைத் திறந்தால் உள்ளே ஒரு மூட்டை குத்தரிசி கிடந்தது. மாதக்கணக்காக அதையும் ஏற்றிக்கொண்டுதான் பந்தயம் ஓடியிருக்கிறார்! மலிவு விலையில் வாங்கி, வீட்டுக்குள் இடமில்லாமல் யோகராணி வைத்த மூட்டை. கடைசியில் மாஸ்ரர் தன் வயிற்றையும் குறைத்தார். மட்டன் ரோல் தட்டு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதெல்லாம் செய்து 14.06 வந்தது.

வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சனியன் 14.06, 14.09, 14.05, 14.07. இரண்டு வருடமாக ஜனார்த்தன் எதை மாற்றினாலும் அதே பதினாலு. அந்த மைதானத்தில் பதினாலு செக்கனுக்குக் கீழே ஓடுகிறவர்கள் தலைக்கவசம் போடவேண்டும் என்பது சட்டம். மாஸ்ரர் போன வருடமே ஒன்றை வாங்கி, தேவையில்லாமல் போட்டுக்கொண்டு ஓடினார். ஆசை இருக்கு தாசில் பண்ண.

இந்த வசந்தத்தில் யோகராணி தீர்ப்புச் சொன்னார். அவருக்கு ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. விடிய ஐந்தரைக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போகிறவர். "இஞ்சருங்கோ, இந்த வருசக் கடைசி ஓட்டத்துக்குள்ள பதின்மூண்டுக்குப் போச்சோ, பாவற்காய் இருக்கட்டும். போகேல்லையோ, அந்த ஒஷாவாக்காரனுக்குக் குடுத்துப்போட்டு கராஜைக் காலி பண்ணுங்கோ." ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரர் வருடா வருடம் போன் எடுத்துக் காரைத் தருகிறாயா என்று கேட்கிறவர்.

"கராஜ் உமக்கு என்னத்துக்கு?"

"எனக்கும் அலுவல் இருக்கு" என்றார் யோகராணி. என்ன அலுவல் என்று சொல்லவில்லை. மாஸ்ரரும் கேட்கப் பயந்து தலையாட்டினார்.

யோகராணி பஸ்ஸில் போவதற்கும் ஒரு கதை உண்டு. டிரைவிங் மாஸ்ரரின் மனுசிக்கு லைசென்ஸ் இல்லை என்பது அஜக்ஸ் கலியாண வீடுகளில் பழைய பகிடி. பதினெட்டு வருடத்துக்கு முன்னர் அவரும் பழகத்தான் தொடங்கினார், மாஸ்ரரிடமேதான். நாலாம் நாள், நாற்பது நிமிடத்துக்குள், மாஸ்ரரின் கால் பதினொரு தரம் பிரேக் போட்டது. யோகராணி எண்ணிக்கொண்டே இருந்தார். பதினொராவதற்குக் காரை ஓரத்தில் விட்டு இறங்கி, கொட்டுகிற பனிக்குள் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்து போனார். பிறகு ஸ்ரேறிங்கைத் தொடவில்லை. "அவவுக்குப் பயம்" என்று மாஸ்ரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். யோகராணி மறுத்துப் பேசவில்லை, ஆனால் அது அவருக்குச் சுட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. வெயிலும் குளிரும் சரிக்குச் சரியாக இருந்த நல்ல நாள், எஞ்சினுக்குப் பிடித்த காற்று. யோகராணி முதல் தடவையாகக் கூட வந்தார். "போற பாவற்காய்க்கு ஒரு பிரியாவிடை" என்றார். ஐந்து வருட உழைப்பு. இன்றைக்கு மூன்று ஓட்டம்தான் கிடைக்கும். அதற்குள் பத்தில் ஒரு செக்கனைக் கூடப் பிடிக்க முடியாவிட்டால், நாளைக்குக் கராஜ் வெறும் கராஜ்.

எல்லாரும் பார்க்கிறது புறப்படுகிற இடத்தைத்தான். ரயர் புகைக்கிறதும், கார் எழும்புகிறதும், சத்தமும் அங்கேதானே. ஜனார்த்தனும் ஐந்து வருடமாக அங்கேதான் குந்தியிருந்து ரயரைப் பார்க்கிறான். யோகராணிக்கு அந்தப் புகை ஒத்துவரவில்லை. செம்மஞ்சள் குடையையும் கதிரையையும் எடுத்துக்கொண்டு மறு அந்தத்துக்கு, கடைசிக் கோட்டுக்குக் கிட்டப் போய் இருந்தார்.

முதல் ஓட்டம் 14.05. இரண்டாவது 14.06.

மாஸ்ரர் தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, காருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். "காபரேற்றர்தான் அண்ணை" என்று ஜனார்த்தன் தொடங்கினான். அப்போது குடையும் கையுமாக யோகராணி மூச்சு வாங்க நடந்து வந்தார்.

"ஏன் கோடு வர முதலே பிரேக் போடுறியள்?"

"ஆர், நானோ? உமக்கென்ன விசரே? பந்தயத்தில ஆரும் பிரேக் போடுவினமோ?"

"பின்னால ரெண்டு சிவப்பு லைற்றும் எரிஞ்சது. முதல் தரமும் எரிஞ்சது, ரெண்டாந்தரமும் எரிஞ்சது. என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்."

ஜனார்த்தன் துண்டைப் பறித்துப் பார்த்தான். பாதி வழிக்கு எடுத்த நேரம், முக்கால் வழிக்கு எடுத்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். முக்கால் வரைக்கும் கார் பதின்மூன்றுக்காரன் மாதிரித்தான் பறந்திருந்தது. கடைசித் துண்டில்தான் வேகம் படுத்திருந்தது. காருக்குள் கிடந்த இரண்டு வருடத் துண்டுகளிலும் அப்படியே. "ஐயோ அண்ணை," என்று தலையில் கை வைத்தான். "நான் சும்மா கிடந்த காபரேற்றரை நாலு தரம் கழட்டிப் பூட்டினன்!"

மாஸ்ரர் தன் வலது காலைப் பார்த்தார். அது ஒன்றுமறியாத பிள்ளை மாதிரிச் சப்பாத்துக்குள் கிடந்தது.

"எனக்குத் தெரியாமல்தான் கால் போடுது, யோகம்" என்றார் மெதுவாக.

"அது எனக்குத் தெரியும்" என்றார் யோகராணி. "எனக்கும் உப்பிடித்தானே போட்டனீங்கள். நான் பிரேக்குக்குக் கால் கொண்டு போக முதலே உங்கட கால் போயிரும். பதினொரு தரம். எனக்குப் பயம் எண்டு ஊருக்குச் சொன்னியள். பயம் ஆருக்கு?"

பதினெட்டு வருடத்தில் மாஸ்ரருக்கு முதல் தடவையாக வெட்கம் வந்தது, முகமெல்லாம் சுட்டது. ஜனார்த்தன் ரயரைப் பார்க்கிற சாட்டில் மற்றப் பக்கம் போய்விட்டான்.

"கேளுங்கோ" என்றார் யோகராணி, குரலை இறக்கி. "நான் கோட்டுக்கு அங்கால குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். என்னைத் தாண்டுமட்டும் காலை எடுக்கக்கூடாது. அதுக்குப் பிறகு எவ்வளவும் போடுங்கோ. ஒருக்காலாவது நான் சொல்லுறதை நம்புங்கோ."

மூன்றாவது ஓட்டம். பச்சை எரிந்தது. பாவற்காய் முகத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பாதி வழி போயிற்று, முக்கால் வழி போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் செம்மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்து பெரிதாகிக்கொண்டு வந்தது. மாஸ்ரரின் கால் துடித்தது. எழும்பப் பார்த்தது. "இரடா, இரடா, அவ இன்னும் வரேல்லை!" என்று தலைக்கவசத்துக்குள் கத்தினார். குடை வந்தது, குடை போனது. அதற்குப் பிறகுதான் கால் எழும்பியது.

துண்டு கொடுக்கிற பெட்டியடியில் ஜனார்த்தன் வாங்கிப் பார்த்துவிட்டு நீட்டினான். 13.96.

மாஸ்ரர் அழுதுவிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனுசன், தலைக்கவசத்தோடு, சோளக் காணிக்கு நடுவில் நின்று குழந்தை மாதிரி அழுதார். குடையை மடக்கிக்கொண்டு வந்த யோகராணி துண்டை வாங்கி ஆற அமர வாசித்து, கைப்பைக்குள் வைத்தார். பிறகு அதே பைக்குள் இருந்து ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினார். அவருடைய பெயரில் பழகுனர் லைசென்ஸ். ஓகஸ்டில் எழுத்துப் பரீட்சைக்குப் போய்ப் பாஸ் பண்ணியிருக்கிறார்.

"இதுக்குத்தானோ கராஜ் கேட்டனீர்?"

"ஓம். எனக்கு ஒரு சின்னக் கார் வாங்கி விட. பரவாயில்லை, அது வெளியில நிக்கட்டும்."

"ஆர் பழக்கிறது?"

"லக்சிகா எண்டு ஒரு பிள்ளை. நல்ல பொறுமையான பிள்ளையாம். புதன்கிழமை முதல் கிளாஸ்." சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "திறப்பைத் தாங்கோ. கேற் மட்டும் காரை நான் கொண்டு போறன்."

புல்வெளியில் இருந்து கேற் ஒரு முந்நூறு அடி இருக்கும். மாஸ்ரர் பக்கத்து இருக்கையில் ஏறினார். ஏறி இருந்ததும் வலது கால் முன்னுக்குப் போய், இல்லாத பிரேக்கைத் தேடியது. யோகராணி அதைப் பார்த்தார். மாஸ்ரர் தன் காலைப் பார்த்தார். பிறகு சப்பாத்து இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைக்கு மேலே தூக்கி, பந்திக்கு இருக்கிற மாதிரிச் சம்மணம் கட்டி இருந்தார்.

கார் நகர்ந்தது. குப்பைத் தொட்டி ஒன்று எதிரே வந்தது. தொடைக்குக் கீழே அகப்பட்ட கால் மீன் மாதிரித் துடித்தது. மாஸ்ரர் அதற்கு மேலே இன்னும் பாரமாக இருந்தார். யோகராணி தொட்டியை விலத்தி, போகிற ஒரு பிள்ளைக்காக நின்று, மறுபடி எடுத்து, கேற்றடியில் சரியான இடத்தில் பிரேக் போட்டு நிறுத்தினார்.

"எப்பிடி?"

"நல்லா ஓடினீர்" என்றார் மாஸ்ரர். மாணவர் எவருக்கும் இதுவரை சொல்லாத வார்த்தை அது. கால் இன்னும் இருக்கைக்கு மேலேதான் இருந்தது.

யோகராணி கியரைப் பார்க்கில் போட்டுவிட்டு, கைப்பைக்குள் இருந்து போனை எடுத்தார்.

"ஹலோ, லக்சிகாவே? நான் யோகராணி அன்ரி கதைக்கிறன். புதன்கிழமைக் கிளாஸ் வேண்டாம் பிள்ளை... இல்லையம்மா, எனக்கு வீட்டிலேயே ஒரு மாஸ்ரர் கிடைச்சிட்டார்."