அண்ணனின் கீழ்த்தொட்டி

என் அண்ணன் முத்துலிங்கத்துக்குத் தண்ணீரை மேலே ஏற்றத் தெரியும். வட்டக்கச்சியில் யாருடைய இறைப்பு மெசின் நின்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஏற்றிய தண்ணீர் இறங்கியும் வரும் என்பதை மட்டும் அவர் யோசிப்பதில்லை.

2002 முதல் எங்களுக்குள் பேச்சில்லை. அடுத்தடுத்த வயல், அவருடைய முறை நாளில் வாய்க்கால் மடையை என் பக்கம் திறந்துவிட்டு, நான் இல்லை என்று சாதித்தேன். ஒப்புக்கொள்ள வாய் வராமல் நாலு வருசம் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

சண்டை நின்று ஏ9 பாதை திறந்த பிறகு அவர் வவுனியாவிலிருந்து ஒரு மீன்தொட்டி வாங்கினார். பொன்மீன் பதினொன்றையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மனிசனை ஊர் ஒரு மாதம் கதைத்தது. மீன்கள் வளர வளரத் தண்ணீர் கலங்கி மணத்தது. 2006 சித்திரையில், தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்தார். மேலே வழியும் தண்ணீர் கீழே இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் வடிந்து, சின்ன மோட்டரால் திரும்ப மேலே போகும். கீழ்த்தொட்டியை விளிம்புவரை நிரப்பி, சுற்றுகிற தண்ணீரை ரசித்துவிட்டுப் படுத்தாராம்.

எங்களுக்கு அப்போது ஜெனரேற்றர் கரண்ட். இரவு பத்து மணிக்கு நிறுத்துவார்கள் என்பது ஊருக்கே தெரியும். மோட்டர் நின்றதும், தண்ணீர் ஏறிய குழாயாலேயே திரும்பக் கீழே இழுபட்டது. கீழே இடமில்லை. விடியும்போது வீடு முழுக்க வெள்ளம். மேல்தொட்டியில் நாலு விரல் தண்ணீரில் மீன்கள். சுவரோரம் அடுக்கியிருந்த சிறுபோக விதைநெல் ஊறிக் கிடந்தது.

மீன்கள் பிழைத்துவிட்டன. ஊறிய விதையைக் காயவைத்தால் முளைக்காது. முளைகட்டி மூன்றாம் நாள் விதைக்க வேண்டும். தவறினால் அந்தப் போகமே இல்லை. வயலோ ஒரு உழவோடு கிடந்தது. ஊரில் உழவு மெசின் எல்லாம் ஏற்கெனவே ஆளாளுக்குப் பேசி முடிந்திருந்தது. சும்மா நின்றது என்னுடையது ஒன்றுதான்.

காலையில் அண்ணன் என் படலையில் நின்றார். கையில் ஒரு பிடி ஈர நெல். நான் கண்டும் காணாதவன் மாதிரி மெசினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு பிசாசு எனக்குள் இருந்தது. அவர் போகவில்லை.

"வீரகத்தி, விதை நனைஞ்சு போச்சடா. நாளையிண்டைக்கு விதைக்க வேணும்."

"எத்தினை ஏக்கர்?" என்றேன். எனக்குத் தெரியாதா என்ன.

"ரெண்டரை."

"டீசல் கிடக்கு. வாங்கோ போவம் அண்ணை."

இரண்டு நாள் சேறடித்தோம். மூன்றாம் நாள் விதைத்து முடிந்ததும், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். நாலு வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். நேரே தொட்டியடிக்குத்தான் போனேன். மோட்டர்க் குழாயின் வாய் மேல்தொட்டியின் அடியில் கிடந்தது.

"தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழ இதில ஒரு துளை போடுங்கோ. மோட்டர் நிண்டா, காத்து உள்ள போய் இழுவை நிண்டிடும். கீழ்த்தொட்டியையும் அரைவாசியா விடுங்கோ."

"உனக்கு ஆர் சொன்னது?"

"டாங்கியில இருந்து டீசல் இழுக்கேக்க குழாய் வெடிச்சிருந்தா வராதெல்லே."

அண்ணன் சிரித்துவிட்டார். ஆணியைச் சுடவைத்துத் துளை போட்டோம். பின்னேரம் ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. மோட்டரைப் போட்டு நிறுத்தினோம். தண்ணீர் துளைவரை இறங்கி, களக்கென்று நின்றது. திரும்பப் போட்டோம், திரும்ப நிறுத்தினோம்.

"ரெண்டு பேருமாச் சேந்து மோட்டரை எரிக்கப் போறியள்" என்றார் அண்ணனின் மனைவி, மீனம்மா மச்சாள்.

"அண்ணை, அண்டைக்கு மடையைத் திறந்தது நான்தான்."

"தெரியும்" என்றார். "சுவிச்சைப் போடு."

2009 மாசியில், போரில் இடம்பெயர்ந்து போன வழியில் அண்ணன் இறந்துபோனார். அவரோடு பேசக் கிடைத்தது மூன்று வருசம்கூட இல்லை. பேசாமல் விட்ட அந்த நாலு வருசத்தை நினைத்துத்தான் இப்போதும் அழுகிறேன்.