காலனி ஸ்டாப்பில் ஏறினேன்

ஞாயிறு, மாலை ஐந்து மணி. பெங்களூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறும்போது என் கால் தரையில் இல்லை. கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கான இரண்டு நாள் மாநாடு அது. ஒவ்வொருவரும் மேடையேறிப் பெயரையும் தெருவையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். "காலனி" என்று மைக்கில் சொன்னேன். கைத்தட்டலில் அழுதே விட்டேன்.

அத்திப்பள்ளி தாண்டியதும் பக்கத்து சீட் அக்கா, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, "எந்த ஊரும்மா?" என்றார்.

"சூளகிரி பக்கம்க்கா. ஊருக்கு வெளிய, காலனி." கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவு திமிர்.

அவர் பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்தார். "நாங்களும்தான். மெதுவா பேசு." ஓசூர் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

திங்கள், காலை எட்டு. பள்ளிக்கூடம் போகும் டவுன் பஸ் முதலில் ஊர் ஸ்டாப்பில் நிற்கும். அரை கிலோமீட்டர் தள்ளிக் காலனி ஸ்டாப். எட்டாம் வகுப்பிலிருந்து, இந்தப் பிளஸ் ஒன் வரை, நான் பின்னோக்கி நடந்து போய் ஊர் ஸ்டாப்பில்தான் ஏறினேன். காரணம் சங்கீதா. பக்கத்து ஊர் விவசாயி வீட்டுப் பெண். பஸ்ஸில் எனக்கு இடம் பிடிப்பாள். மதியம் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவாள். என் டப்பாவை நீட்டினால், "வயிறு ரொம்பிடுச்சுடி" என்பாள். என்ன தாராளம் என்று வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன். என் வீடு எங்கே என்று தெரிந்தால் விலகிவிடுவாளோ என்று பயம்.

அன்று காலனி ஸ்டாப்பிலேயே ஏறினேன்.

"இன்னா பாப்பா, ஸ்டாப்ப மாத்திட்டியா?" என்றார் கண்டக்டர்.

சங்கீதா பையை எடுத்து இடம் விட்டாள். உட்கார்ந்ததும் சொன்னேன். "எங்க வீடு இங்கதான்டி. காலனி. இத்தன நாளா மறச்சிட்டேன்."

"எனக்கு எப்பவோ தெரியுமே."

எனக்கு உயிர் வந்தது. "தெரிஞ்சுமா எங்கூட பழகுன?"

"அதுக்கென்ன? எங்கம்மாவே சொல்லியிருக்காங்க, நல்லா பழகு, அவ டப்பால மட்டும் கை வெக்காதன்னு."

நல்ல சேதி சொல்வதுபோல் சிரித்தாள். அவளுக்கு அதில் மறைக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் என்னை அடித்துப் போட்டது. மாநாட்டில் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் சொல்லவில்லை.

மதியம், பள்ளி வராந்தா. வழக்கம்போல அவள் புளிச்சோற்றை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. அம்மா முட்டை பொரித்து வைத்திருந்தாள். என் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தேன்.

"மொதல்ல நீ எடு."

"வயிறு..." என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

பெங்களூரிலிருந்து சூளகிரிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரு சாயங்காலத்தில் வந்துவிட்டேன். எங்கள் இரண்டு டப்பாவுக்கும் நடுவே ஒரு சாண்தான். மணி அடிக்கும்வரை அவள் கை அதைத் தாண்டவில்லை.