மூன்று கடலை வயல், ஆறு விளக்கம்: வில்லில் இருந்து மோர்ஜ் வரை ஒரு நாள்

ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஊரே மலைக்கும் ஏரிக்கும் போகிற நேரத்தில், நான் மூன்று கடலைச் செடிகளை வேரோடு பிடுங்கி, ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றி, தோள்பையில் வைத்துக்கொண்டு சுவிற்சர்லாந்தின் கிழக்கில் இருந்து மேற்குக்குப் போனேன். திங்கட்கிழமை காலை எங்கள் கடலை வயலை வெட்டி மண்ணோடு கலப்பதற்கு மெஷின்காரர் வருவதாக இருந்தது. அதற்குள் எங்கே பிழை விட்டோம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

(தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நான் கடலை என்று எழுதுவது கொண்டைக்கடலையை. நீங்கள் கடலை என்று சொல்வது எங்களுக்குக் கச்சான். சென்ற முறை இதைச் சொல்லாமல் விட்டு நிறையப் பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

"எங்கள்" வயல் என்று சொல்வதற்கும் ஒரு கதை உண்டு. நான் வில் நகரத்தில் ஒரு தொழிற்சாலையின் பொதியிடும் பகுதியில் இருபத்தொரு வருடமாக வேலை செய்கிறேன். நகரத்தில் இருந்து ஆறு கிலோமீற்றர் தள்ளி உர்சுலாவின் பண்ணை. உருளைக்கிழங்கும் லீக்ஸும் வாங்கப் போய்ப் போய்ச் சிநேகிதியாகிவிட்டார். போன குளிர்காலத்தில் அவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் தாளித்த கடலை கொண்டுபோனேன். சாப்பிட்டுவிட்டு, இதை இங்கே விளைவிக்க முடியுமா என்று கேட்டார். ஏன் முடியாது, எங்கள் ஆட்களுக்குக் கடலை நன்றாகத் தெரியும் என்று வாய்கூசாமல் சொன்னேன். உண்மை என்னவென்றால், அன்றுவரை நான் ஒரு கடலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் வெங்காயம் வைப்போம், மிளகாய் வைப்போம், புகையிலை வைப்போம். கடலை மூட்டையில் கடைக்கு வரும். ஆனால் உர்சுலா நம்பிவிட்டார். அரை ஹெக்டேயரில் விதைத்தார். ஒக்டோபரில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் அவருடைய பண்ணைக்கடையில் எங்கள் சொந்தக் கடலையை அவித்துத் தாளித்து விற்பது என்று பேச்சு. அதற்காகத் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை வேலையைக் குறைத்துக் கையெழுத்தும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் வந்தது. கடலை காய்ந்து பழுப்பாகி நிற்க வேண்டிய நேரம். எங்களுடையது முழங்காலுக்கு மேல் பச்சைப் பசேலென்று நின்றது. நுனியில் இன்னும் பூப்பூத்துக்கொண்டிருந்தது. ஒரு செடியில் ஆறு காய், ஏழு காய். அதிலும் சில வெறும் கோது. உர்சுலா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணம் தெரிந்தால் விட்டு வைப்போம், தெரியாவிட்டால் வெட்டிவிட்டு மாட்டுத்தீவனம் விதைப்பேன்.

எனக்குள் ஒரு காரணம் ஏற்கனவே இருந்தது. ஜூனில் மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், மழை இல்லை. செடி வாடப் போகிறது, தண்ணீர் ஊற்றுங்கள் என்று நான்தான் சொன்னேன். தோட்டம் என்றால் இறைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விவசாயம். பிறகு ஒருநாள் தொலைபேசியில் தேடியபோது, கடலைக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் வரும், காய் வராது என்று வாசித்தேன். அதை உர்சுலாவுக்குச் சொல்லவில்லை. வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்றுதான் இந்தப் பயணமே.

பயண விவரம். வில் நிலையத்தில் காலை 6.22-க்கு ரயில். சூரிச், பேர்ண் வழியாக லவுசான், அங்கே மாறி மோர்ஜ். 9.58-க்கு இறங்கினேன். ஏறக்குறைய 290 கிலோமீற்றர். நகரசபை மூலம் விற்கும் நாள்முழுப் பயணச்சீட்டை முன்கூட்டியே எடுத்ததால் அரைக்கட்டண அட்டையோடு 39 பிராங். கடைசி நேரத்தில் எடுத்தால் கூட வரும்.

வின்ரர்தூரில் மழை. பேர்ணில் தூறல். லவுசானுக்கு முன் ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டியதும் ஏரியும் திராட்சைத் தோட்டங்களும் கண்ணைப் பறிக்கும் வெயிலில் கிடந்தன. பெட்டியில் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் மட்டும், ஆகா, இதுதான் காரணம், இவர்களுக்கு வெயில், எங்களுக்கு மழை என்று மனதுக்குள் துள்ளினேன். தண்ணீர் ஊற்றிய குற்றம் என் தலையில் இருந்து பாதி இறங்கியது. அப்போதே திரும்பியிருந்தால் எவ்வளவு தெளிவாக இருந்திருப்பேன்!

மோர்ஜ் நிலைய வாசலில் யோகன் அண்ணை சிறிய வான் வண்டியோடு நின்றார். என் கணவரின் பழைய சிநேகிதர். வந்த புதிதில் டாவோசில் ஹோட்டல் கோப்பை கழுவியவர், இப்போது பதினெட்டு வருடமாக இங்கே ஒரு கடலை விளையும் பண்ணையில் வேலை. பையைத் திறந்து செடியைக் காட்டினேன். தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இது கடலையோ, இல்லாட்டி வேலிக்கு வளத்தனீங்களோ? தண்ணி விட்டனீங்களோ?"

"கொஞ்சம்," என்றேன்.

"இஞ்ச ஒரு சொட்டு விடுறேல்லை," என்று சொல்லி வண்டியை எடுத்தார். பாதி இறங்கிய குற்றம் திரும்ப ஏறிக்கொண்டது.

ஒன்பது கிலோமீற்றரில் பண்ணை. சரிவான நிலம், மண்ணை விடக் கல்லு அதிகம். கடலை என் முழங்காலுக்குக் கீழேதான் நின்றது. நன்றாகக் காய்ந்து, நடக்கும்போது காலில் பட்டுக் கலகலவென்று சத்தம் போட்டது. ஒரு செடியில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு காய். எனக்கு அழுகை வராத குறை.

பண்ணைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க, அவசரமே இல்லாத மனிதர். அவருக்குப் பிரெஞ்சு மட்டும், எனக்கு ஜெர்மன் மட்டும். நடுவில் யோகன் அண்ணை. அவர் இரண்டு நிமிடம் பேசுவார், அண்ணை ஒரு வரியில் முடிப்பார். மிச்சம் எங்கே அண்ணை என்று கேட்டால், அது உங்களுக்குத் தேவையில்லை என்பார். இருந்தாலும் அந்த ஒரு வரிகளை எல்லாம் தொலைபேசியில் குறித்துக்கொண்டேன். நாங்கள் ஏப்ரல் கடைசியில் விதைத்தது பிந்திவிட்டது, அவர் மார்ச் கடைசியிலேயே விதைத்துவிட்டார். எங்கள் மண் கொழுத்த மண், கடலைக்குக் கொஞ்சம் பட்டினி வேண்டும். எங்கள் பக்கம் மழை கூட. தண்ணீர் ஊற்றியது அநாவசியம்.

நாலு காரணத்தையும் சொல்லிவிட்டு, இதெல்லாம் சின்னவை, பெரியது வேறு என்றார். விதைக்கும்போது கறுப்புத் தூள் கலந்தீர்களா? கடலையின் வேரில் குடியிருந்து காற்றில் இருந்து சத்தைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தூளில் இருக்கின்றன. இந்த நாட்டு மண்ணில் அவை இயல்பாக இல்லை, நாங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். உர்சுலா கலந்தார் என்றேன். அவர் நம்பவில்லை. கலந்திருந்தால் வேரில் முடிச்சு இருக்கும், இருக்காது பாருங்கள் என்று என் செடியை வாளித் தண்ணீரில் அலசினார். வேர் முழுக்க முடிச்சு. ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பு. உயிரோடு வேலை செய்கிற முடிச்சு என்பதற்கு அதுதான் அடையாளமாம். பிறகு இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். நல்ல புளிப்பு, நோயும் இல்லை. செடியைத் திரும்ப என்னிடம் நீட்டினார். "அப்ப இதுவும் இல்லையாம்," என்று அவர் சொல்லாததையும் யோகன் அண்ணை மொழிபெயர்த்தார்.

சரி, மிச்ச நாலும் இருக்கிறதே, கிழக்கு குளிரும் ஈரமும், மேற்கு வெயில், கணக்கு முடிந்தது என்று நான் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். யோகன் அண்ணை விடவில்லை. மூன்று கிலோமீற்றர் தள்ளி இன்னொரு வயலுக்குக் கூட்டிப்போனார். பண்ணைக்காரரின் அயலவருடையது. ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய விதை, ஒரே கிழமையில் விதைத்தது, மேலே அதே வானம், அவரும் தண்ணீர் ஊற்றவில்லை. செடிக்குப் பதினைந்து, பதினெட்டு காய்தான்.

"இதுக்கு என்ன காரணம்?" என்று கேட்டேன்.

"களை எண்டு இந்த வயல்காரர் சொல்லுவார். மண் இறுக்கம் எண்டு எங்கட முதலாளி சொல்லுவார். எனக்கெண்டா விளங்கேல்லை, தங்கச்சி."

அவர் அப்படி ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில்தான் என் தலை சுற்றத் தொடங்கியது. நிலம் தரக்கூடியதற்கும் அது உண்மையில் தந்ததற்கும் நடுவில் உள்ள தூரத்தை விளைச்சல் இடைவெளி என்கிறார்கள். அந்தத் தூரத்தில் ஒரு பங்கு வானத்தால் வருவது, அதை யாராலும் குறைக்க முடியாது. இன்னொரு பங்கு கையால் வருவது, அதைக் குறைக்கலாம். கிழக்குக்கும் மேற்குக்கும் உள்ள வித்தியாசத்தை வானத்தில் போட்டுவிட்டு நான் தப்பப் பார்த்தேன். ஒரே வானத்துக்குக் கீழே, மூன்று கிலோமீற்றருக்குள், விளைச்சல் பாதியாகிறதே, அதை எதில் போடுவது? எங்கள் வயலில் எவ்வளவு வானம், எவ்வளவு என் வாய்?

நிலையத்தில் சான்ட்விச் 8 பிராங் 50. பிற்பகல் 3 மணி ரயிலில் ஏறி, குறித்ததை எல்லாம் திரும்ப வாசித்தேன். பிந்திய விதைப்பு, கொழுத்த மண், மழை, தண்ணீர், களை, இறுகிய மண். ஆறு. ஒவ்வொன்றையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிவிட முடிந்தது, தண்ணீரைத் தவிர. மற்ற இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றவில்லை, எங்கள் வயலுக்கு மட்டும் நான் சொல்லித்தான் ஊற்றியது. சுற்றிச் சுற்றி அது என்னிடமே வந்து நின்றது. வில்லில் இறங்கும்போது மணி 6.40, திரும்பவும் மழை.

ஞாயிறு காலை பஸ்ஸில் பதினான்கு நிமிடம், உர்சுலாவின் பண்ணை. அவர் றப்பர் சப்பாத்தோடு வயல் ஓரத்தில் நின்றார். வணக்கம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தேன், இல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"தண்ணீர் ஊற்றச் சொன்னது என் பிழை. எனக்குக் கடலை தெரியாது, உர்சுலா. சாப்பிட மட்டும்தான் தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் சிவந்தது. ஆனால் பார்வை என்னிடம் இல்லை, நிலத்தில் இருந்தது.

"நான் பாதி வயலுக்குத்தான் ஊற்றினேன்," என்றார். "குழாய் நடுவோடு முடிந்துவிட்டது. நீளமான குழாய்க்கு அக்கா புருஷனிடம் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் இவ்வளவு தெரிந்தவர், நான் அரைகுறையாகச் செய்ததால்தான் பயிர் கெட்டது என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

தண்ணீர் கூடிவிட்டது என்று நான் தூங்காமல் இருந்திருக்கிறேன், குறைந்துவிட்டது என்று அவர் தூங்காமல் இருந்திருக்கிறார். ஆறு கிலோமீற்றர் இடைவெளியில்.

இருவரும் வயலுக்குள் இறங்கினோம். தண்ணீர் விட்ட பக்கத்தில் பத்துச் செடி, விடாத பக்கத்தில் பத்துச் செடி, கண்ட கண்ட இடத்தில் பிடுங்கி எண்ணினோம். விட்ட பக்கம் அறுபத்தாறு காய். விடாத பக்கம் அறுபத்தொன்பது. நம்பாமல் ஆளை மாற்றி இன்னொரு தடவை எண்ணினோம். மூன்று காய்க்காக யாரையும் தூக்கில் போட முடியாது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அடுத்த நிமிடம் எரிச்சல் வந்தது. கையில் இருந்த ஒரே காரணமும் போய்விட்டதே!

உர்சுலா சேற்றுக் கையோடு மெஷின்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். திங்கள் வேண்டாம், செப்டெம்பர் கடைசியில் வாருங்கள், அறுவடைக்கு என்றார். காரணம் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று அந்த ஆள் கேட்டது எனக்கும் கேட்டது.

"இல்லை," என்றார் உர்சுலா. "இன்றைக்குத்தான் உண்மையைப் பேசத் தொடங்கியிருக்கிறோம்."

இதே மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். பயணச்சீட்டை முந்தி எடுங்கள். ரயில் நேரம் நான் போன நாளுக்கு உரியது, பார்த்துக்கொண்டு போங்கள். பேர்ணில் இருந்து லவுசான் போகும்போது வலது பக்கம் இருந்தால் ஏரியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், இடது பக்கம் இருங்கள். பண்ணைக்குப் போவதென்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டு, அறுவடைக்கு முந்திய கிழமையில் போங்கள், செடி நிற்கும். உங்கள் செடியை வேரோடு கொண்டுபோங்கள், வாயால் சொல்வதை எவரும் நம்பமாட்டார்கள். ஒரு வயலோடு நிறுத்தாதீர்கள். ஒன்றைப் பார்த்தால் தெளிவாக வருவீர்கள், ஆனால் பிழையாக வருவீர்கள்.

அடுத்த வசந்தத்தில் வேறு துண்டில் விதைக்கப் போகிறோம். பாதியை முந்தி, பாதியைப் பிந்தி, இந்தத் தடவை வேண்டுமென்றே. ஒக்டோபர் வெள்ளிக்கிழமைகளில் பண்ணைக்கடையில் எங்கள் கடலை இருக்குமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் இருப்பேன். இரண்டு வயலுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைத் தேடி ரயில் ஏறுமுன், உங்களோடு சேர்ந்து விதைத்தவரிடம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். உங்களுக்கு என்ன தெரியாது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அதை நான் 580 கிலோமீற்றர் போய்வந்துதான் செய்தேன். மெஷின்காரர் வர ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.